ஆரஞ்சுப் பெட்டிக்குள் யாருடைய டிஸ்க்?

கேள்வி: "சீகேட் மாதிரி பெரிய ஹார்டு டிஸ்க் கம்பெனி, லாசி மாதிரி சின்ன பிராண்டை வாங்கிய பிறகும், அந்த ஆரஞ்சு நிற டிஸ்க்குக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா? உள்ளே இருப்பது சீகேட்தானே? கைமாறிய பிறகு தரம் போய்விட்டது என்று எடிட்டிங் செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?"

உள்ளே இருப்பது சீகேட்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் கைமாறுவதற்கு முன்பும் உள்ளே லாசி என்று ஒன்று இருந்ததில்லை. லாசி எந்தக் காலத்திலும் ஹார்டு டிஸ்க் தயாரித்த கம்பெனி இல்லை. ஹிட்டாச்சியிடமோ சாம்சங்கிடமோ சீகேட்டிடமோ வெறும் டிஸ்க்கை வாங்கும். அதற்கு ஒரு கூடு, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, கேபிள் எல்லாம் சேர்த்து, பார்த்தால் எடுக்கத் தோன்றுகிற மாதிரி செய்து விற்கும். ஆகவே உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சுழலும் தட்டின் தரம் ஒன்று. அதைச் சுற்றி இருப்பதன் தரம் இன்னொன்று. சீகேட் காசு கொடுத்து வாங்கியது இந்த இரண்டாவதை மட்டும்தான். முதலாவது அதனிடம் ஏற்கெனவே மலைபோல் இருந்தது.

லாசியின் பூர்வீகம் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகும். ஆப்பிள் 1986ல் மேக் பிளஸ் கணினியை வெளியிட்டது. அதற்குள் ஹார்டு டிஸ்க் கிடையாது, வெளிச் சாதனங்களை இணைக்க முதுகில் ஸ்கஸி என்ற போர்ட் ஒன்று இருந்தது. வேண்டுபவர்கள் வெளியே ஒரு டிஸ்க் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தையை நம்பி 1987ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லாசி தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து பாரிஸில் பியர் ஃபூர்னியே, ஃபிலிப் ஸ்ப்ரூஷ் என்ற இருவர் டி2 என்ற பெயரில் அதே தொழிலை ஆரம்பித்தார்கள். ஓரிகன் கம்பெனியை 1995ல் குவாண்டம் வாங்கியது. அன்றைக்கு அது பெரிய ஹார்டு டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்று. மூன்றே வருடத்தில் அலுத்துப்போய் 1998ல் பாரிஸ்காரர்களிடம் தள்ளிவிட்டது. வாங்கியவர்கள் தங்கள் பெயரை ஓரமாக வைத்துவிட்டு லாசி என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்கள். லாசியின் மேசை டிஸ்க்குக்கு இன்றும் டி2 என்று பெயர் இருப்பது அந்தப் பழைய கம்பெனியின் மிச்சம்.

பெரிய டிஸ்க் கம்பெனி ஒன்று லாசியை வாங்கியது 2012ல்தான் முதல்முறை என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாம் முறை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லாசியை விற்ற குவாண்டம், தன் ஹார்டு டிஸ்க் பிரிவை 2001ல் மேக்ஸ்டரிடம் விட்டது. மேக்ஸ்டரை 2006ல் சீகேட் 190 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, லாசியின் பழைய முதலாளியின் டிஸ்க் தொழில் லாசிக்கு ஆறு வருடம் முன்னாடியே சீகேட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இடைப்பட்ட காலத்தில் லாசி செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், தனக்கென்று டிஸ்க் இல்லை என்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல் வடிவமைப்பாளர்களைத் தேடிப் போனது. போர்ஷே டிசைன், ஃபிலிப் ஸ்டார்க், கரீம் ரஷீத் என்று ஒரு வரிசையே உண்டு. அந்த வரிசையில் ஸ்காட்லாந்துக்காரர் நீல் போல்ட்டன் வரைந்துகொடுத்ததுதான் 2005ல் வந்த ரக்கெட். நீங்கள் சொல்லும் ஆரஞ்சுப் பெட்டி அதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் அமைப்பு எளிமையாகத்தான் இருக்கும். வெளியே ஆரஞ்சு ரப்பர் உறை. கையாலேயே இழுத்துக் கழற்றலாம். அதற்குள் அலுமினியக் கூடு. கூட்டைத் திறந்தால் அதிர்ச்சி தாங்குவதற்கான ரப்பர் அணைப்புக்கு நடுவே இரண்டரை அங்குல லேப்டாப் டிஸ்க் ஒன்று, அதன் சாட்டா என்ற இணைப்பு முனையில் செருகிய, அதைக் கணினியின் கேபிளோடு இணைக்கும் சின்ன பிரிட்ஜ் போர்டு. அவ்வளவுதான். ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் பத்து கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே "அந்த ஆரஞ்சை எடு" என்று சொன்னால் உதவியாளர் சரியாக எடுத்து வருவார். சென்னையில் சாலிகிராமம், வடபழனிப் பக்கத்து எடிட் அறைகளிலும் அது பழகிய நிறம். உங்கள் நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி விற்பனைக்கு வருகிறேன். அறிவிப்பு வந்தது 2012 மே 23 அன்று. லாசியின் தலைவர் ஸ்ப்ரூஷிடமும் அவரைச் சார்ந்தவர்களிடமும் இருந்த 64.5 சதவீதப் பங்கை, ஒரு பங்கு 4.05 யூரோ என்ற விலையில் சீகேட் எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். அந்தக் கணக்கில் மொத்தக் கம்பெனியின் மதிப்பு சுமார் 14.6 கோடி யூரோ, அன்றைய டாலரில் 18.6 கோடி. இதில் லாசியின் கையிருப்புப் பணமே சுமார் 4.9 கோடி யூரோ. அதைக் கழித்தால் பெயர், வடிவமைப்பு, கடைத் தொடர்புகள், ஆட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 கோடி யூரோகூட ஆகவில்லை. ஆகஸ்ட் 3ல் பங்கு கைமாறியது. மீதிப் பங்குகளை அதன் பிறகு படிப்படியாகச் சேர்த்துக்கொண்டார்கள். சீகேட்டுக்கு இது எவ்வளவு பெரிய செலவு? 2012 ஜூனோடு முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் ஏறக்குறைய 1,490 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 286 கோடி. கல்லாவில் இருந்து சில்லறை எடுத்துக் கொடுத்த மாதிரிதான்.

அப்படியானால் சீகேட் ஏன் வாங்கியது என்பதைவிட, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஏன் விற்றார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. ஸ்ப்ரூஷ் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

லாசி மாதிரி கூடு செய்து விற்பவர்களுக்கு உயிர்நாடி ஒன்றுதான்: டிஸ்க் விற்பதற்கு நாலைந்து பேர் இருக்க வேண்டும். ஒருவர் விலை ஏற்றினால் இன்னொருவரிடம் போகலாம். 2011 தொடக்கத்தில் ஐந்து பேர் இருந்தார்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், ஹிட்டாச்சி, சாம்சங், தோஷிபா. அந்த மார்ச்சில் ஹிட்டாச்சியின் டிஸ்க் தொழிலை வாங்குவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் சொன்னது. ஏப்ரலில் சாம்சங்கின் டிஸ்க் தொழிலை 137.5 கோடி டாலருக்கு வாங்குவதாக சீகேட் சொன்னது. ஐந்து மூன்றாகச் சுருங்கப் போகிறது. இப்படி வாங்குவதற்கு அனுமதி கேட்டு ஐரோப்பிய ஆணையத்திடம் சீகேட் தன் மனுவை ஏப்ரல் 19 அன்று கொடுத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் கொடுத்தது 20 அன்று. ஒரே ஒரு நாள் வித்தியாசம். முதலில் வந்தவருக்கு முதல் உரிமை என்ற விதிப்படி சீகேட்டின் மனுவை, ஹிட்டாச்சி தனியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பரிசீலித்து நிபந்தனையின்றி விட்டார்கள். அடுத்த நாள் வந்தவரை, சாம்சங் ஏற்கெனவே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு பரிசீலித்தார்கள். அதனால் வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றரை அங்குல டிஸ்க் தயாரிக்கும் வசதியில் ஒரு பகுதியைத் தோஷிபாவுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. வக்கீல்கள் ஒரு நாள் முந்தியதற்குக் கிடைத்த லாபம் அது.

இதற்கு நடுவே 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம். அயுத்தயா பக்கம் பாங் பா-இன்னில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. சீகேட்டின் சொந்த ஆலைகள் மூழ்கவில்லை, ஆனால் மோட்டார் முதலான பாகங்கள் செய்து கொடுப்பவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறியது. சீகேட்டுக்கு அவ்வளவு லாபம் வந்ததற்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். அந்த வருடக் கடைசியில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களுக்கு வாரன்டி காலத்தைக் குறைத்ததும் நடந்தது.

இப்போது லாசியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சரக்கு தட்டுப்பாடு. சரக்கு வைத்திருக்கும் மூன்று பேருமே தங்கள் பெயரிலேயே கூடு போட்டு அதே கடை அலமாரியில் உங்களுக்குப் பக்கத்தில் விற்கிறார்கள். உங்களுக்கு மூலப்பொருள் தருபவரே உங்கள் போட்டியாளர். அவர் தனக்கு அடக்கவிலையில் எடுத்துக்கொள்வதை உங்களுக்கு லாபம் வைத்துத்தான் தருவார். தட்டுப்பாடு வந்தால் முதலில் தன் பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் உங்கள் பெட்டிக்கு வருவார். எவ்வளவு அழகான கூடு செய்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. விற்பதற்கு அதைவிட நல்ல நேரம் பின்னால் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீகேட் பக்கத்துக் காரணங்கள் சாதாரணமானவை. அதன் சொந்த வெளி டிஸ்க்குகள் விலையை வைத்து விற்பவை. மேக் வைத்திருப்பவர்கள், புகைப்படக்காரர்கள், வீடியோ செய்பவர்கள் ஆகியோரிடம் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. லாசிக்கு இருந்தது, ஆப்பிள் கடைகளில் இடமும் இருந்தது. அறிவிப்பிலேயே இன்னொரு விஷயமும் சொன்னார்கள்: சீகேட்டின் நுகர்வோர் பொருட்கள் பிரிவையே ஸ்ப்ரூஷ் நடத்துவார் என்று. கம்பெனியோடு சேர்த்து அதை நடத்தியவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, வாங்கிய பிறகு என்ன மாறியது?

முதல் மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. பழைய லாசிக்குள் யார் டிஸ்க் இருக்கும் என்பது அந்த மாதம் யார் மலிவாகக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே மாடல், ஒரே நிறம், ஒன்றில் ஹிட்டாச்சி, இன்னொன்றில் சாம்சங். கைமாறிய பிறகு எல்லாம் சீகேட். உங்கள் நண்பர்களிடம் பழைய லாசி இருந்தால் கணினியில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் மாடல் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்டிஎஸ் என்று தொடங்கினால் ஹிட்டாச்சி. எச்எம், எச்என் என்றால் சாம்சங். எஸ்டி என்றால் சீகேட். 1979ல் அது ஷுகார்ட் டெக்னாலஜி என்ற பெயரில் தொடங்கியதால் வந்த எழுத்துகள். சாம்சங்கை எடுத்துக்கொண்ட புதிதில் வந்த சில டிஸ்க்குகளின் லேபிளில் எஸ்டி1000எல்எம்024 என்று சீகேட் எண்ணும், அதோடு எச்என்-எம்101எம்பிபி என்ற சாம்சங் எண்ணும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். பொருள் சாம்சங்கின் ஸ்பின்பாயின்ட், முகவரி மட்டும் சீகேட். "சீகேட் வந்ததும் தரம் போச்சு" என்று திட்டப்பட்ட டிஸ்க்குகளில் சில, அதே ஆட்கள் முன்பு பாராட்டிய சாம்சங்காகவும் இருந்திருக்கலாம்.

இதில் வாடிக்கையாளருக்கு ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. முன்பு ஒரு தயாரிப்பாளரின் ஒரு தொகுதி சொதப்பினால் லாசி வேறு இடத்தில் வாங்க முடியும். இப்போது முடியாது. சீகேட்டின் ஒரு மாடல் சரியில்லை என்றால் அந்த வருடத்து லாசியும் சரியில்லை. ஒரே வேலைக்கு இரண்டு பிரதி வைப்பவர்கள் ஒன்று லாசி, ஒன்று சீகேட் என்று வாங்கி "இரண்டு கம்பெனியில் வைத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது இரண்டு கம்பெனி இல்லை.

இரண்டாவது மாற்றம், லாசியின் கிறுக்குத்தனங்கள் மெல்ல மறைந்தன. உடனே இல்லை. 2014 ஜனவரியில்கூட ஸ்டார்க் வடிவமைத்த பிளேட் ரன்னர் என்ற டிஸ்க்கை, உலகத்துக்கே 9,999 மட்டும் என்று எண் போட்டு விட்டார்கள். பிரெஞ்சு வெள்ளிப்பாத்திரக் கம்பெனியான கிறிஸ்டோஃப்லேவோடு சேர்ந்து, வெள்ளி முலாம் பூசிய உருண்டை ஒன்றுக்குள் 1 டெராபைட் டிஸ்க்கை வைத்து விற்றதும் அப்போதுதான். யார் வாங்கினார்கள் என்று தெரியாது, பார்க்க அழகாக இருந்தது. சாவி வடிவ பென் டிரைவ், நிறத் துல்லியம் பார்க்கும் மானிட்டர் என்று முன்பு எதையாவது செய்துகொண்டிருந்த கம்பெனி, சில வருடங்களில் ரக்கெட், டி2, 2பிக், போர்ஷே டிசைன் என்று நாலைந்து வரிசைக்குள் அடங்கிவிட்டது. அந்த வரிசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. 2016ல் வந்த 12பிக் மாதிரி பன்னிரண்டு டிஸ்க் போடும் கோபுரத்தைப் பழைய லாசி தனியாகச் செய்து தாக்குப்பிடித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் சிரிக்க வைக்கும் பொருட்கள் போய்விட்டன.

மூன்றாவது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வூவாலா. சூரிச்சின் இடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து முளைத்த ஸ்விஸ் கிளவுட் சேவை அது. கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகும் முன்பே பூட்டப்பட்டுவிடும், சேவை நடத்துபவரே திறந்து பார்க்க முடியாது. இன்று எல்லோரும் பேசும் அந்தரங்கப் பாதுகாப்பை அவர்கள் அப்போதே செய்து வைத்திருந்தார்கள். லாசி அதை 2009ல் வாங்கியது. லாசியோடு சேர்ந்து அது சீகேட் கைக்குப் போனது. 2015ல் மூடிவிட்டார்கள், நவம்பர் 15க்குப் பிறகு எதுவும் கிடைக்காது, அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு. பெரிய கம்பெனி சின்ன கம்பெனியை வாங்கும்போது முக்கியப் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. அதன் இடுப்பில் தொங்கிக்கொண்டு வந்த குட்டிதான் பலியாகும். சீகேட்டுக்கு இந்தத் துறையில் ராசியும் இல்லை. இவால்ட் என்ற ஆன்லைன் பேக்கப் கம்பெனியை சுமார் 18.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2015 கடைசியில் அதை 1.4 கோடிக்கு கார்பனைட்டிடம் விட்டது. லாசிக்குப் போட்ட அதே அளவு பணம், முடிவு மட்டும் வேறு.

லாசி பிழைத்தது சீகேட்டின் நல்ல மனதால் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது என்று தெரியும். வெளிச் சேமிப்புச் சாதனங்கள் விற்ற ஐயோமேகாவை 2008ல் இஎம்சி என்ற பெரிய சேமிப்புக் கம்பெனி 21.3 கோடி டாலருக்கு வாங்கியது. சில வருடத்தில் லெனோவோவுடன் கூட்டு வைத்து, பெயரே இல்லாமல் போனது. லாசிக்கு நேர்ப் போட்டியாக இருந்த ஜி-டெக்னாலஜி கதை இன்னும் நீளம். அது ஃபேப்ரிக் என்ற கம்பெனியிடம் இருந்தது. ஃபேப்ரிக்கை 2009ல் ஹிட்டாச்சி எடுத்தது. ஹிட்டாச்சியை 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் எடுத்தது. 2021ல் பெயரை சான்டிஸ்க் புரொஃபெஷனல் என்று மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க்கே தனிக் கம்பெனியாகப் பிரிந்துபோனது. ஒளிப்பதிவாளர்கள் பதினைந்து வருடம் நம்பி வாங்கிய ஒரு பெயர், பொருளில் எந்தக் குறையும் சொல்லப்படாமலே அழிந்தது.

யாருமே வாங்காவிட்டால் நன்றாக இருக்குமா என்றால் ட்ரோபோவைப் பாருங்கள். வெவ்வேறு அளவு டிஸ்க்குகளை ஒரே பெட்டியில் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கிய சாதனம். டிஸ்க் தயாரிக்கும் கம்பெனி எதுவும் அதை வாங்கவில்லை. சின்னக் கைகளில் மாறி மாறி, கடைசியில் அதன் தாய்க் கம்பெனி 2022ல் திவால் மனு கொடுத்தது, 2023ல் முழுக்க மூடியது. ட்ரோபோ டிஸ்க்குகளில் எழுதும் முறை அதற்கே உரியது. பெட்டி பழுதானால் உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்து வேறு பெட்டியில் போட்டுப் படிக்க முடியாது. லாசி ரக்கெட்டில் இந்த ஆபத்து இல்லை. பிரிட்ஜ் போர்டு செத்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு சாட்டா கூட்டில் போட்டுப் படித்துவிடலாம். எல்லாப் பெரிய கம்பெனிகளும் அப்படி விடுவதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல மை பாஸ்போர்ட் டிஸ்க்குகளில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா முனையே கிடையாது. முனை உடைந்தால் ரிப்பேர்காரர் பாடு திண்டாட்டம்.

இப்போது நீங்கள் கேட்ட விலைக்கு வருகிறேன். சுழலும் டிஸ்க் உள்ள ரக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் கிடைப்பது அந்த ரப்பரும் அலுமினியமும், 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்ற உறுதியும். இந்த உறுதியின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கும்: இயங்காத நிலையில். கேபிள் மாட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் ஆரஞ்சு ரப்பர் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஊசி முனை தட்டுக்கு மேலே மயிரிழையில் மிதக்கிற நேரம் அது.

வேகத்துக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சீகேட்டின் 4, 5 டெராபைட் இரண்டரை அங்குல டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்கார்வதுபோல, எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்தவற்றையும் தொட வேண்டும். காலி டிஸ்க்கில் ஒரே மூச்சில் எழுதினால் தெரியாது. பாதி நிரம்பியதை அழித்து அழித்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். முழு வேகம் நொடிக்கு 130 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலே 5 டெராபைட் நிரப்பப் பதினோரு மணி நேரம் ஆகும். கறுப்புப் பெட்டியிலும் இதே கதைதான். எடிட்டிங்கை நேராக அதிலிருந்தே செய்ய நினைப்பவர்கள் இந்த அளவு சுழலும் டிஸ்க்கை எந்த நிறத்திலும் வாங்கக் கூடாது.

சுழலும் தட்டு இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ரக்கெட் வேறு விஷயம். 3 மீட்டர் விழுந்தாலும் தாங்கும், தண்ணீரில் போட்டாலும் பிழைக்கும் ஐபி67 தரம், நொடிக்கு 1,000 மெகாபைட் பக்கம் வேகம். ஓடும்போது விழுந்தால் உடைவதற்கு உள்ளே சுழல்வது எதுவும் இல்லை. டிஸ்க்குக்குள்ளேயே பூட்டும் சீகேட்டின் குறியாக்க வசதியும் உண்டு. பழைய லாசி தனியாக இருந்திருந்தால் இதைச் செய்வது சிரமம். இந்த இடத்தில் கைமாற்றம் லாசிக்கு நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் சீகேட்டின் ஃபயர்குடா பெயர் இருக்கும். ஃபிளாஷ் சிப்பை சீகேட் தயாரிப்பதில்லை. தோஷிபாவின் சிப் தொழில் 2018ல் விற்கப்பட்டபோது (இன்று அதற்குக் கியோக்சியா என்று பெயர்) வாங்கிய கூட்டணியில் பணம் போட்டவர்களில் சீகேட்டும் ஒன்று, அவ்வளவுதான். அந்தச் சிப்பை இயக்கும் கன்ட்ரோலருக்காக 2014ல் சான்ட்ஃபோர்ஸ் என்ற பிரிவை 45 கோடி டாலர் கொடுத்து வாங்கியும், பின்னால் வந்த பல ஃபயர்குடாக்களில் பைசன் என்ற தைவான் கம்பெனியின் சிப்தான் இருந்தது. சுழலும் தட்டில் ராஜாவாக இருந்து லாசியை வாங்கிய சீகேட், ஃபிளாஷில் லாசி நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறது: அடுத்தவரிடம் வாங்கி, கூடு போட்டு விற்கிறது. தட்டுப்பாடு வந்தால் சிப் தயாரிப்பவர்கள் முதலில் யார் பெட்டியை நிரப்புவார்கள் என்பதை அதுவும் யோசித்தாக வேண்டும்.

உங்கள் நண்பர்களுக்கு என் யோசனை இதுதான். வெளியூர்ப் படப்பிடிப்புக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு எஸ்எஸ்டி ரக்கெட்டுக்குப் பணம் போடுங்கள். அலமாரியில் தூங்கப் போகும் இரண்டாவது பிரதிக்கு ஆரஞ்சு ரப்பர் வேண்டாம்; தோஷிபாவோ வெஸ்டர்ன் டிஜிட்டலோ, சீகேட் அல்லாத ஒரு சாதாரணப் பெட்டி போதும். அப்போதுதான் இரண்டு பிரதியும் நிஜமாகவே இரண்டு ஆலையிலிருந்து வந்ததாக இருக்கும். லாசி வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ரெஸ்க்யூ என்ற டேட்டா மீட்புச் சேவை எத்தனை வருடத்துக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் செத்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி ஒருமுறை மீட்டுத் தர முயற்சி செய்யும் ஏற்பாடு அது. கைமாறிய பிறகு லாசிக்குச் சீகேட்டிடமிருந்து வந்து சேர்ந்தது. கூடுதல் விலையில் ஒரு பகுதியை நியாயப்படுத்துவது என் கணக்கில் அதுதான். மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு அது மாறும். அதனால் கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் சீரியல் நம்பரை சீகேட் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அதே நம்பரைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.